கிலுகிலுப்பை விரியனும் ஜான் மியூரும்

(பி.எஸ்சி. தாவரவியல், 1974–77)

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கட்டுரை அல்ல, ஒரு புகைப்படம். 1976 டிசம்பரில் நம் வகுப்பு மாணவர்கள் கொல்லிமலைக்குப் போனபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம், நடுவில் நான். என் கையில் ஒரு கம்பு. கம்பின் நுனியில் செத்த பாம்பு ஒன்று தொங்குகிறது. பழைய நினைவுகள் பகுதியில் அதைப் போட்டால் நம்ம செட் ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று செயலாளர் போனில் சொன்னார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்த பிறகு அனுப்ப மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதி அனுப்புகிறேன். ஏன் இந்த மனிதர் என்பது போகப் போகத் தெரியும்.

ஜான் மியூர் 1838 ஏப்ரல் 21-ல் ஸ்காட்லாந்தின் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தார். பிறவியிலேயே ஜீவகாருண்யம் மிக்கவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பறவைக் கூடுகளைத் தேடி அலைவது, பூனைமேல் கல்லெறிவது, மாடியிலிருந்து விழுந்தாலும் பூனை பிழைக்குமா என்று தூக்கிப் போட்டுப் பார்ப்பது என நம்ம ஊர்ப் பையன்கள் செய்யும் அத்தனை அட்டூழியத்தையும் அவரும் செய்தார். முதுமையில் தன் பால்ய காலத்தைப் பற்றி எழுதியபோது இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பதினோரு வயதில், 1849-ல், குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. காட்டை வெட்டி நிலமாக்கும் வேலை. தகப்பனார் டேனியல் கடும் பக்திமான்; கையில் பிரம்போடு வளர்த்தவர். மூத்த மகனைத் தொண்ணூறு அடி ஆழக் கிணறு தோண்ட வைத்தார். மணற்பாறையை உளியால் கொத்திக் கொத்தி இறங்க வேண்டும். ஒருநாள் அடியில் தேங்கிய விஷக் காற்றில் பையன் மயங்கிவிட, உயிரோடு மேலே தூக்கியதே பெரும்பாடு.

அந்த விஸ்கான்சின் வானத்தில்தான் பயணிப்புறாக்கள் என்னும் காட்டுப்புறாக்களைப் பார்த்தார். வானத்தையே மறைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பறக்கும் கூட்டங்கள். ஊரே துப்பாக்கியோடு வெளியே வந்து சுடும். அன்று எல்லார் வீட்டிலும் புறாக்கறி. எத்தனை சுட்டாலும் தீராது என்றே எல்லாரும் நம்பினார்கள். மியூரும் துப்பாக்கி தூக்கித் திரிந்த பண்ணைவீட்டுப் பையன்தான்.

இனி நம் மாணவர்களுக்குப் பிடிக்கிற பகுதி. கடைந்தெடுத்த மரத்துண்டுகளைக் கொண்டே கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டார் மியூர். விடிகாலையில் குறித்த நேரத்துக்குத் தானே சாய்ந்து, படுத்திருப்பவனை எழுப்பித் தரையில் நிறுத்திவிடும் ஒரு கட்டிலையும் செய்தார்! 1860-ல் மாடிசன் நகரக் கண்காட்சியில் இவற்றை வைக்க, கூட்டம் கூடியது. அப்படியே அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்துவிட்டார். ஹாஸ்டல் அறையில் அவர் செய்த மேசை இன்னும் வேடிக்கை. குறித்த நிமிடம் முடிந்ததும் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை இழுத்துக்கொண்டு அடுத்த புத்தகத்தைத் திறந்து வைக்கும். நம் காலத்து வார்டன்கள் கண்ணில் இது படாமல் போனது நாம் செய்த புண்ணியம்.

ஒருநாள் விடுதி வாசலில் நின்ற மரத்திலிருந்து சக மாணவர் ஒருவர் ஒரு பூவைப் பறித்துக் காட்டி, இந்தப் பெரிய மரமும் தோட்டத்துப் பட்டாணிக் கொடியும் ஒரே குடும்பம் என்று விளக்கினார். அந்த நிமிடத்தில் பிடித்த தாவரவியல் பைத்தியம் அவரைக் கடைசிவரை விடவில்லை. தாவரவியல் படித்த என் போன்றோருக்கு அவரிடம் தனி ஒட்டுதல் வரக் காரணமும் அதுதான். ஆனால் பட்டம் வாங்கவில்லை. 1863-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறினார். அதே பல்கலைக்கழகம் 1897-ல் அவரைக் கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தது.

இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1867 மார்ச்சில் ஓர் அரம் வழுக்கி வலக்கண்ணில் குத்திவிட்டது. அந்த அதிர்ச்சியில் இடக்கண்ணும் மங்கிவிட, இருட்டறையில் வாரக்கணக்காகக் கிடந்தார். பார்வை மெல்லத் திரும்பியது. இனி யந்திரம் வேண்டாம், கடவுள் படைத்ததைக் கண் உள்ள வரைக்கும் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். அந்தச் செப்டம்பரில் தெற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தவர், ஃபுளோரிடாவின் மெக்ஸிகோ வளைகுடாக் கரையில்தான் நின்றார். ஏறக்குறைய ஆயிரம் மைல். மூட்டையில் சில புத்தகங்களும், செடிகளை அழுத்திவைக்க ஒரு பலகையும்.

ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் முதலைகளைப் பற்றி ஊரார் பயமுறுத்தினார்கள். அவரோ தன் குறிப்பேட்டில் வேறுவிதமாகச் சிந்தித்தார். உலகம் மனிதனுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்றால் மனிதனைத் தின்னும் பிராணிகள் எதற்கு? முதலைக்கும் படைத்தவன் கணக்கில் ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்? அதே தகப்பனாரின் வேதபாடத்தில் வளர்ந்த பையன் இந்த முடிவுக்கு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஆனால் குறிப்பேட்டில் எழுதுவது சுலபம்.

மலேரியாவில் விழுந்து எழுந்து, கியூபா போய், 1868 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் இறங்கினார். அங்கிருந்து மீண்டும் நடை, சியர்ரா நெவாடா மலைத்தொடரின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு. நான் சொல்ல வந்த சம்பவம் அந்த முதல் வருடங்களில், சான் ஹொவாகின் சமவெளியில் நடந்தது.

புல்வெளியில் நடந்து போகிறார். ஒரு புல்கற்றையைச் சுற்றிச் சுகமாகச் சுருண்டு கிடக்கிறது ஒரு கிலுகிலுப்பை விரியன். இவர் அதைப் பார்த்தபோது அது இவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தது, தாண்டிக்கொண்டிருந்தார். மிதிபடப் போகும் நிலையிலும் அது தலையைத் தாழ்த்தியே வைத்திருந்தது, கொத்தவில்லை. தாண்டிப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். பாம்பைக் கண்டால் கொல்ல வேண்டும் என்பதே அவருக்கும் அன்று தெரிந்த தர்மம். சமவெளியில் கம்பும் இல்லை, கல்லும் இல்லை. மண்ணையும் புல்கட்டியையும் அள்ளி எறிந்து அதைச் சீண்டினார், சுருள் பிரித்து ஓட ஆரம்பித்தால் கொத்த முடியாது என்று தெரியும். அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓடியது. துரத்திப்போய் அதன்மேல் குதித்தார். முதல் மிதி தப்பியது, அது கொத்தியதும் தப்பியது. மறுபடி மறுபடி அது ஓடப் பார்த்தது, இவர் விடவில்லை. கடைசியில் குதிகாலால் நசுக்கினார்.

சண்டையை ஆரம்பித்தது யார், ஒதுங்கிப் போகப் பார்த்தது யார் என்பது அவருக்கு உடனே உறைத்தது. கூனிக் குறுகிப் போனார். பாம்பு தன்னிடம் காட்டிய நியாயத்தையாவது தானும் காட்ட வேண்டும், உயிருக்கு ஆபத்து வந்தாலன்றி இனி கொல்வதில்லை என்று தீர்மானித்தார். அதன் பிறகும் இன்னொன்றைக் கொன்றார், யோசெமிட்டியில் தான் கட்டிய குடிசைக்குள். அதையும் தவிர்த்திருக்கலாம் என்று அவர் மனம் குத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருடம் கழித்து, 1901-ல், நாடு முழுதும் மதிக்கும் பெரியவராக இருந்தபோது இரண்டையும் புத்தகத்தில் எழுதினார்.

நம் கொல்லிமலைப் படத்துக்கு வருகிறேன். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் வழி அது. துணைக்கு வந்த மலைவாசிப் பெரியவர் முன்னால் போனார். தோள் உயரத்தில் ஒரு புதர்க் கிளையில் இலையோடு இலையாகப் பச்சையாக ஒரு பாம்பு. அவர் அதைப் பார்த்துவிட்டு, கையால் எங்களுக்குச் சைகை காட்டி, இரண்டடி தள்ளி நடந்து போய்விட்டார். நாங்கள் தள்ளி நடக்கவில்லை. கண்கொத்திப் பாம்புடா என்று ஒருத்தன் கத்தினான். கம்பு என் கையில் இருந்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன். பெரியவர் திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று சாயந்திரம் வரைக்கும் எங்களோடு பேசவே இல்லை. இப்போது படத்தைப் பார்த்தால் அந்த முக்கோணத் தலை தெளிவாகத் தெரிகிறது. அது கண்கொத்தியே அல்ல, மூங்கில் குழிவிரியன். விஷப்பாம்புதான், சரி. ஆனால் பகலெல்லாம் கிளையில் அசையாமல் கிடக்கும் பிராணி. நாங்கள் கிட்டே போகாதிருந்தால் அது கீழேகூட இறங்கியிருக்காது. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படித்தவன், பாம்பின் பெயர்கூடத் தெரியாமல் அடித்தேன்.

மியூருக்கு மலையில் நடக்கும் முறையைக் கற்றுக்கொடுத்த இன்னொரு வாத்தியார் ஒரு கரடி. 1869 கோடையில் ஆட்டு மந்தை ஒன்றுக்கு மேற்பார்வையாளராக மலைமேல் போயிருந்தார். இரவல் வாங்கிய கார்லோ என்ற நாய் கூட இருந்தது. ஒருநாள் நாய் மோப்பம் பிடித்து எச்சரித்தது. மரத்துக்குப் பின்னால் மறைந்து பார்த்தால், பூத்துக் கிடக்கும் புல்வெளியில் பழுப்பு நிறத்தில் ஒரு கரடி. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கரடி ஓடும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மனிதனைக் கண்டால் கரடி ஓடிவிடும் என்று சொல்லக் கேட்டிருந்தார். தொப்பியை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, அதை நோக்கிப் பாய்ந்தார். கரடி ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, நேருக்கு நேர் முறைத்தது. இப்போது ஓட வேண்டியவர் தானே என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் ஓடினால் தொலைந்தோம். அப்படியே சிலையாக நின்றார். நெடுநேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி. பிறகு கரடி மெதுவாகத் திரும்பி, இடையிடையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, புல்வெளியைக் கடந்து போய்விட்டது.

அதன் பிறகு கரடி இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் போவதில்லை என்று வைத்துக்கொண்டார். நான் வருகிறேன் என்று முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அதை வேடிக்கை காட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவ்வளவுதான் அவர் கற்றுக்கொண்ட மரியாதை. போன வருடம் யாரோ கல்லூரிப் பிள்ளைகள் எடுத்த ஒரு வீடியோ என் போனுக்கு வந்தது. கன்றோடு நிற்கும் காட்டெருமையை நோக்கி, அது திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பையன் விசிலடித்துக்கொண்டே முன்னால் போகிறான். 1869-ல் மியூருக்கு வந்த அதே ஆசைதான். அந்தப் பையன் தப்பித்தான், கன்றும் தாயும் முள்ளுக்குள் ஓடின. பார்த்தவர்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள்.

அதற்காக மியூர் காட்டில் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தவர் என்றும் இல்லை. அணில்களுக்கு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களை விசிலில் வாசித்துக் காட்டினார். அவை கிட்டே வந்து உட்கார்ந்து கேட்டன. ஒரு பழைய தேவாலயப் பாட்டை ஆரம்பித்ததும் எல்லாம் திட்டிக்கொண்டு ஓடிவிட்டன என்று அவரே எழுதியிருக்கிறார். அணிலுக்கும் சங்கீத ஞானம் உண்டு போலும்.

துப்பாக்கி இல்லாமல், ரொட்டித் துண்டும் தேயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பல நாட்கள் தனியாக அலைவது அவர் வழக்கமாயிற்று. 1880-ல் திருமணம், மார்டினெஸ் ஊரில் மாமனாரின் பழத்தோட்டம், இரண்டு பெண் குழந்தைகள், நல்ல வருமானம். அதே வருடம் அலாஸ்காவில் பனிப்பாறை ஒன்றின் மேல், புயலில், ஸ்டிக்கீன் என்ற சின்ன நாயோடு ஒரு மெல்லிய பனிப்பாலத்தைக் கடந்து உயிர் பிழைத்த கதையை 1909-ல் தனிப் புத்தகமாகவே போட்டார். பள்ளத்தைக் கண்டு அழுதும், கடந்தபின் கூத்தாடியும் காட்டிய அந்த நாய்க்கு மனிதனைப் போலவே பயமும் சந்தோஷமும் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. பிராணிகளைப் பற்றி ஏதாவது படிக்க விரும்பும் மாணவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், சிறிய புத்தகம்.

அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கும் காரியங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவருடைய கட்டுரைகள் வந்த 1890-ஆம் ஆண்டிலேயே அக்டோபர் 1-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டம் நிறைவேறியது. 1892-ல் சியர்ரா கிளப் தொடங்கியது. சாகும் வரைக்கும் அவரே தலைவர். 1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு மூன்று இரவு காட்டில் படுத்தார், ஓர் இரவு பனி கொட்டியது. ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரர். மிருகங்களைச் சுடும் இந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டை எப்போது விடப்போகிறீர்கள் என்கிற தோரணையில் மியூர் நேராகவே கேட்டுவிட்டார். நாட்டின் ஜனாதிபதியைப் பார்த்து! அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வேட்டையை விடவும் இல்லை. அடுத்து வந்த உலகப் பயணத்தில் மியூர் இந்தியாவுக்கும் வந்து இமயமலைத் தேவதாரு மரங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவரிடம் குறை இல்லையா? உண்டு. அந்த மலையின் பூர்வகுடிகளை அவர் ஆரம்பத்தில் இழிவாக எழுதியிருக்கிறார். 1851-ல் படையை வைத்து அவர்களை யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து துரத்தியிருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த வரிகள் இன்னும் உறுத்தும். சியர்ரா கிளப்பே 2020-ல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பாம்பிடம் காட்டிய நியாயத்தை மனிதரிடம் காட்ட அவருக்கு அதிக நாள் பிடித்தது. இன்னொன்று: 1901 முதல் கிளப் நடத்திய கோடைப் பயணங்களில் நூறு பேருக்கு மேல்கூட, கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு, மலைமேல் போனார்கள். மலையை நேரில் பார்த்தவன்தான் அதற்காகப் போராடுவான் என்று மியூர் அதை ஆதரித்தார். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை கால்களும் குளம்புகளும் புல்வெளியை மிதித்த பிறகு அங்கே மேயவேண்டிய மானுக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பூங்காவின் கரடிகளுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1920-களிலும் 30-களிலும் யோசெமிட்டியில் இரவில் விளக்குப் போட்டு, கரடிகள் குப்பை தின்னும் காட்சியைப் பயணிகளுக்குக் காட்டினார்கள். கையால் ஊட்டியவர்களும் உண்டு. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி கூடாரத்தைக் கிழிக்கும், காரை உடைக்கும். கடைசியில் அதைத்தான் சுட்டுக் கொல்வார்கள். ஊட்டியவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். 1998-ல் மட்டும் அங்கே கரடி புகுந்த சம்பவங்கள் 1,500-ஐத் தாண்டின. இப்போது முகாம்களில் இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. உள்காட்டுக்கு நடந்து போகிறவர்கள் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் உணவை வைக்கவேண்டும் என்பது விதி. யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு கஜம் தள்ளியே நிற்கவேண்டும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் பிஸ்கட்டுக்காக வண்டிகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1976-ல் நாமும் வண்டியை நிறுத்தி பன் போட்டோம்.

மியூரின் கடைசிப் போராட்டம் தோற்றது. யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்காக அணை கட்ட 1913 டிசம்பரில் அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1914 செப்டம்பர் 1-ல், சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் உலகின் கடைசிப் பயணிப்புறா செத்துப்போனது. சிறுவயதில் வானத்தை மறைத்த பறவை! அதே வருடம் டிசம்பர் 24-ல், லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில், நிமோனியாவால் மியூர் காலமானார். வயது 76. கட்டிலில் அலாஸ்கா புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி கிடந்தது.

மலர்க் குழு நண்பர்களே, படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பழைய நினைவுகள் பகுதிக்கு வேண்டாம். இந்தக் கட்டுரையோடு சேர்த்துப் போடுவதாக இருந்தால், கம்பு வைத்திருப்பவன் நான் என்று அடியில் எழுதிப் போடலாம். மற்ற நால்வரில் மூவரிடம் பேசிவிட்டேன். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. நாலாமவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, அவர் வீட்டாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.